கல் பட்டறை மாடிக்குக் குடிபோகுமுன்

அன்புள்ள மகனுக்கு,

“அப்ப எனக்கும் ஒங்ககிட்டருந்துதானாப்பா வந்துச்சு?” என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. போனில் பேசினால் நமக்குள் இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை என்பது உனக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிட வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. நம் வீட்டில் காசநோய் செய்த கேட்டைவிட அதை மறைத்ததால் வந்த கேடுதான் அதிகம். ஒருமுறை வந்து குணமாகி, இனி நமக்கு வராது என்று நிம்மதியாக இருக்கிற யார் கைக்கு இது போனாலும் போகட்டும். எனக்கு மறைக்க இனி எதுவும் இல்லை. போன வாரம் உன் பெரியப்பா அந்த வேலையை முடித்து வைத்துவிட்டார்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணமானதும் நீயும் புவனாவும் கடலூருக்குக் குடிபோவதாகவும், பெரியப்பாவின் கிரானைட் அறுக்கும் பட்டறையை நீ பார்த்துக்கொள்வதாகவும், பட்டறைக்கு மேலே இருக்கிற மாடி வீட்டை உங்களுக்கு ஒழித்துத் தருவதாகவும் பேசி முடித்திருக்கிறீர்கள். பேசி முடித்த பிறகுதான் எனக்குச் சொன்னீர்கள். நான் வேண்டாம் என்றேன். உன் அம்மா உடனே, “அண்ணன் மேல இருக்குற பகையில புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க” என்றாள். பகை இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். இருபது வருடத்துக்கு மேலாக அதற்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன். ஆனால் சொல்கிறவன் பகையாளி என்பதற்காக ஒருவருடைய இருமல் இருமல் இல்லை என்று ஆகிவிடுமா? அதை மட்டும் நீங்கள் யாரும் யோசிக்கவில்லை.

உனக்கு நான்கு வயது முடிந்திருந்தபோது எனக்கு முதல்முறை வந்தது. அப்போது நாம் கடலூரில் பெரியப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தோம். நான் தினமும் பஸ் ஏறிச் சிதம்பரம் போய் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் சளியைப் பரிசோதித்தார்கள். மருந்தை அரசாங்கமே கொடுத்தது. ஆனால் அட்டை போடும்போது வீட்டு முகவரி கேட்பார்கள். ஊழியர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். கூட இருக்கிற எல்லோரையும் பரிசோதிக்கச் சொல்வார். அந்தச் சமயத்தில்தான் உன் அத்தைக்கு விருத்தாசலத்தில் ஓர் இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். “தெருவுல ஆஸ்பத்திரிக்காரன் வண்டி வந்து நின்னுச்சுன்னா அவ்ளோதான். பொண்ணு பாக்க வர்றவன் தெருமுனையிலயே திரும்பிடுவான்” என்றார் பெரியப்பா. சிதம்பரத்தில் உன் மாமா வைத்திருந்த ஜெராக்ஸ் கடையை என் வீடு என்று எழுதிக்கொடுக்கச் சொன்னார். காற்றில் எது எப்படிக் கலக்கும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற நான், எழுதிக்கொடுத்தேன்.

ஊழியர் அந்தக் கடைக்கே போனார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா என்று விசாரித்தார். உன் மாமா மிஷினை நிறுத்தாமலே, “எங்க மச்சான் தனிக்கட்டைங்க. மேல ரூம்புலதான் படுத்துக்குவாரு” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் நான் கடைக்குப் போனபோது, “என்னா மச்சான், ஒரு நிமிஷத்துல ஒங்கள மறுபடியும் மாப்ள ஆக்கிட்டேன் பாத்தீங்களா? பொண்ணு கிண்ணு பாக்கட்டுமா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த இடத்தை நிதானமாகப் படி. நானும் சிரித்தேன். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், நோய் வராமல் தடுக்க அதற்குத் தனியாக மாத்திரை கொடுப்பார்கள். அந்த அட்டையின்படி எனக்குப் பிள்ளையே இல்லை. அதனால் உனக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய். என் துணியைத் தனி வாளியில் ஊறவைத்தார்கள். இந்த நோய் தட்டிலும் தம்ளரிலும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. மூடிய அறையில் ஒருவர் இருமிய காற்றில் வருகிறது. அந்த வீட்டு முன்கூடத்தின் இரண்டு ஜன்னல்களும் கொசுவுக்குப் பயந்து எப்போதும் சாத்தியே கிடக்கும். அங்கே உட்கார்ந்துதான் பெரியப்பா டி.வி. பார்த்துக்கொண்டே இருமுவார். கேட்டால், “கல்லுத் தூசிடா. பட்டறைக்காரன் இருமாம பின்ன பாட்டா பாடுவான்?” என்பார். என் தம்ளரைத் தொடப் பயந்த வீடு, அவருடைய இருமலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டது. நீயும் அவர் மடியில்தான் உட்கார்ந்திருப்பாய். நான் ஆறு மாதமும் ஒரு வேளை தவறாமல் மருந்து சாப்பிட்டேன். குணமாகிவிட்டது என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து மறுபடியும் வந்தது.

இரண்டாம் முறை சரியான முகவரியைக் கொடுத்தேன். அதற்குள் உன் அத்தைக்குக் கல்யாணமாகிவிட்டிருந்தது. அந்தத் தைரியம்தானே தவிர, இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எல்லோரையும் பரிசோதித்தார்கள். உனக்கு ஆறு வயது தாண்டிவிட்டதால் அந்தத் தடுப்பு மாத்திரை இல்லை என்றார்கள். பெரியப்பாவின் சளியில் கிருமி இருந்தது. எனக்குள் இருந்த பழையது மறுபடி கிளம்பியதா, அவரிடமிருந்து புதிதாகத் தொற்றியதா என்று டாக்டரைக் கேட்டேன். “ரெண்டுமே நடக்கும் சார். ஒங்களுக்கு எதுன்னு என்னால சொல்ல முடியாது” என்றார். எனக்கு வசதியானதை நான் எடுத்துக்கொண்டேன். பெரியப்பா அவருக்கு வசதியானதை எடுத்துக்கொண்டார். தாத்தாவின் திதிக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், “நல்லா இருந்த ஒடம்பு. இவன் எங்கேயோ வாங்கிட்டு வந்து எனக்குக் குடுத்துட்டான்” என்றார். அவர்தான் எனக்குக் கொடுத்தார் என்று நானும் அங்கேயே சண்டை போட்டேன். மறு வாரமே நாம் மூன்று பேரும் சிதம்பரத்துக்கு வீடு மாறினோம். எட்டு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் ஊசியும் சேர்த்து. அந்த ஊசி விட்டுப்போன இரைச்சல் இன்றும் என் இடது காதில் இருக்கிறது. கல்லூரியில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. நுரையீரலில் ஒரு பகுதி வடுவாகிவிட்டது. படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறேன். இவ்வளவும் அவரால்தான் என்று நம்புவது எனக்குத் தேவையாக இருந்தது. இல்லாவிட்டால் அந்த அட்டையில் இருந்த என் கையெழுத்தை நான் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

அவர் மருந்து சாப்பிட்ட அழகும் உனக்குத் தெரியாது. உன் பெரியம்மா பின்னால் சொல்லித்தான் எனக்கே தெரியும். மருந்து ஆரம்பித்த மூன்றாவது மாதம் கார்த்திகை பிறந்தது. வழக்கம்போல் மலைக்கு மாலை போட்டார். அந்த மருந்துகளில் ஒன்றான சிவப்பு மாத்திரையின் கூடு மாட்டு எலும்பில் செய்தது, விரதத்தில் ஆகாது என்று கூட வரும் சாமி ஒருவர் சொல்லியிருக்கிறார். பெரியப்பா யாரிடமும் கேட்கவில்லை. வெள்ளை மாத்திரைகளை மட்டும் விழுங்கிவிட்டு, சிவப்பை ஒவ்வொன்றாகக் கொல்லையில் விட்டெறிந்திருக்கிறார். அதுதான் அந்த மருந்திலேயே பிரதானமானது. ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏதாவது வழி சொல்லியிருப்பார்கள். மலையிலிருந்து திரும்பிய பிறகு இருமல் நின்றிருந்தது. மிச்ச மருந்தையும் நிறுத்திவிட்டார். நோய்க்குப் பாதி மருந்து கொடுப்பது, அதற்கு நம்முடைய மருந்தைப் பழக்கி விடுவதுதான். அவர் நோயை முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். அது முடிந்ததா, உள்ளே உட்கார்ந்திருக்கிறதா என்று அதன் பிறகு அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

போன வருடம் உனக்கு வந்தது. நீ ஒழுங்காக மருந்து சாப்பிட்டாய்; அதில் உன்னை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மருந்து முடிந்து ஒன்பது மாதம் ஆகிறது. கடைசி நாள் டாக்டர் பேசும்போது நீ வெளியே போனில் சிரித்துக்கொண்டிருந்தாய். உள்ளே நின்று கேட்டவன் நான். ஒருமுறை வந்தது கவசம் இல்லை. ஒருபோதும் வராதவனைவிட, வந்து குணமானவனுக்குத்தான் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். முதல் இரண்டு வருடம் இன்னும் அதிகம். அதனால் அந்த இரண்டு வருடமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார். நீ இன்னும் ஒரு தடவைகூடப் போகவில்லை. சிகரெட்டை விட்டுவிட்டதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஓரம் உன்னை நான் இரண்டு முறை பார்த்தேன். கூப்பிட்டு அவமானப்படுத்த வேண்டாம் என்று வேறு பக்கமாக நடந்துவிட்டேன். நம் குடும்பத்தில் சர்க்கரை இல்லாத ஆண் கிடையாது. அது கூடினால் உடம்பு இதைத் தடுத்து நிறுத்தாது. நீ ஒருமுறைகூடப் பரிசோதித்ததில்லை. கல்யாணப் போட்டோவில் முகம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்து, நோயில் இழந்த எடையையே இன்னும் மீட்காமல் இருக்கிறாய். இதற்கு மேல் நீ குடிபோகத் தேர்ந்தெடுத்த இடம், நாள் முழுதும் கல் அறுக்கிற ஒரு பட்டறை. அந்தத் தூசி நுரையீரலை அறுக்கும். அறுபட்ட நுரையீரலில் இந்தக் கிருமி சுலபமாக உட்காரும். அதோடு, அரைகுறை மருந்து சாப்பிட்ட ஒருவர் ஏ.சி. போட்டு மூடிய கண்ணாடி அறைக்குள் உனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இருமப்போகிறார்.

நிச்சயதார்த்தத்தன்று அவர் இருமியதை நான் கேட்டேன். நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். மூன்று வாரம் கழித்துப் புடவை எடுக்கப் போன இடத்திலும் அதே இருமல். அன்று மறுபடி சொல்லிப் பார்த்தேன். “பெரிய மாமா எம்புள்ளைக்கு வாழ்வு குடுக்குறாரு. நீங்க என்னா குடுத்தீங்க?” என்று பெரியப்பாவுக்குப் பரிந்து பேசினாள் உன் அம்மா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்திருந்த சளி டப்பாவோடு பஸ் ஏறிக் கடலூர் பட்டறைக்குப் போனேன். நாம் வெளியேறிய பிறகு அவர் இருக்கும் இடத்துக்கு நானாகப் போனது அதுதான் முதல் தடவை.

“வாங்க வாத்தியாரே. வழி தெரிஞ்சுதா?” என்றார், எழுந்திருக்காமல். கண்ணாடி அறையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். “கதவ மூடு, குளிரு போவுது” என்றார். நான் மூடவில்லை. வெளியே வேலை செய்துகொண்டிருந்த நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அண்ணே, ஒரே ஒரு தடவ சளி டெஸ்ட் குடுத்துடுங்க.”

“எதுக்கு? எனக்கு வந்துட்டுப் போயி இருவது வருஷத்துக்கு மேல ஆவுது. அம்மை போட்டவனுக்கு மறுபடி அம்மை போடுமா?”

“இது அம்மை இல்லண்ணே. திரும்ப வரும்.”

“படிச்சவன் சொல்ற, கேட்டுக்க வேண்டியதுதான். ஆனா பாரு, படிச்ச ஒனக்குத்தான் ரெண்டுதரம் வந்துச்சு.” வேலையாட்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் போய், சிரிப்பு இருமலாகி, மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

பின்பக்கமிருந்து உன் பெரியம்மா வந்து நின்றாள். “தம்பி சொல்றதத்தான் கேளுங்களேன். ஒரு மாசமா வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது. பெல்ட்டுல ஆணிய வெச்சுப் புது ஓட்ட போட்டுக்கிறீங்க.”

“நீ உள்ள போ” என்று அவளை அதட்டிவிட்டு என்னைப் பார்த்தார். “குடுக்குறன்டா. ஆனா ஒண்ணு. எனக்கு ஒங்கிட்டருந்துதான் வந்துச்சுன்னு ஒத்துக்க. இங்கயே, இவுங்க முன்னாடி. சாதி சனம் பூரா என்னைய நோய் பரப்புனவன்னு சொல்லிட்டுத் திரிஞ்சல்ல? இன்னிக்கு மாத்திச் சொல்லு.”

அந்த ஒன்று மட்டும்தான் என்னிடம் மிச்சம் இருந்தது. வேலை போனதும், மூச்சு போனதும், காது போனதும் எல்லாம் ஒரு கணக்கில் சரியாக நின்றுகொண்டிருந்தது, தவறு அவருடையது என்று நான் பிடித்துக்கொண்டிருந்ததால். அதைக் கேட்கிறார். அவர் சொல்வது பொய் என்று நிரூபிக்க எனக்கு வழி இல்லை; உண்மை என்று ஒப்புக்கொள்ளவும் காரணம் இல்லை. ஆனால் நீ குடிபோகத் துண்டு போட்டு வைத்திருக்கிற மாடி என் தலைக்கு மேலே இருந்தது.

“ஆமாண்ணே. எங்கிட்டருந்துதான்.”

“காதுல விழல.”

“எங்கிட்டருந்துதான் ஒங்களுக்கு வந்துச்சு.”

“ம். அது பேச்சு” என்று நாற்காலியில் சாய்ந்தார். இவ்வளவு சந்தோஷமாக அவரை நான் சின்ன வயதில்கூடப் பார்த்ததில்லை. “குடு டப்பாவ” என்று கை நீட்டினார்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. கிருமி இருக்கிறது. சாதாரண மருந்துக்கு அது கட்டுப்படுமா என்று இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பட்டறையில் வேலை செய்கிற நான்கு பேரையும், பெரியம்மாவையும் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்று ஒருவராவது சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். இந்த வயதிலும் எனக்கு அந்த ஆசை இருந்திருக்கிறது. உன் அத்தை விருத்தாசலத்திலிருந்து கூப்பிட்டாள். “ஒத்துக்கிட்டியாமே? அன்னிக்கே ஒத்துக்கிட்டிருந்தா அப்பா திதியில அவ்ளோ சண்ட வந்திருக்காதுல்ல?” என்றாள். உன் அம்மா, “பாவம் பெரிய மாமா. நீங்க குடுத்தது அவுங்கள இன்னும் விடல பாருங்க” என்றாள். கடைசியாக நீ கூப்பிட்டாய்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கிருமி யாரிடமிருந்து உனக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. என்னிடமிருந்து வந்து இத்தனை வருடம் உனக்குள் தூங்கியிருக்கலாம். அவர் மடியில் உட்கார்ந்திருந்தபோது வந்திருக்கலாம். இருவருக்கும் சம்பந்தமில்லாமல், நீ வேலைக்குப் போய் ஐந்து பேரோடு தங்கியிருந்த பரங்கிப்பேட்டை அறையில் வந்திருக்கலாம். யாரிடமிருந்து என்ற வழக்கை நானும் அவரும் நடத்தி நாசமானது போதும். நீ அதைக் கையில் எடுக்காதே. ஆனால் உனக்குக் கிடைத்திருக்க வேண்டிய மாத்திரை கிடைக்காமல் போனது என்னால்தான். இதைச் சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பட்டறையில் நான் சொன்னது ஒரு டப்பாவுக்காக. இது உனக்காக. இதற்கு நீ என்மேல் எவ்வளவு கோபப்பட்டாலும் எனக்குச் சம்மதம். நான் ஒரு மனிதர்மேல் கோபப்பட்டு வீணாக்கிய காலத்தைப் பார்த்தால், உன் கோபத்துக்கு நல்ல காரணமாவது இருக்கிறது.

இதற்கிடையில் அம்மா புதிதாக ஒன்று சொல்கிறாள். பெரியப்பாவுக்கு மருந்து ஆரம்பித்துவிட்டது, கொஞ்ச நாளில் ஒட்டாது என்று யாரோ சொன்னார்களாம், எனவே தை மாதத்துக்குள் எல்லாம் சரியாகிவிடுமாம். மருந்து கேட்கிற நோய்க்கு அது பொருந்தும். இது கேட்குமா என்றே இன்னும் தெரியவில்லை. அந்தக் கொல்லையில் விட்டெறிந்த சிவப்பு மாத்திரைகளுக்கு யார் உத்தரவாதம் தருவது? அப்படியே அவர் பூரணமாகக் குணமானாலும் கல் தூசி குணமாகாது. அந்தப் பட்டறையிலும் வேண்டாம், அந்த மாடியிலும் வேண்டாம். அவரை ஒதுக்கச் சொல்லவில்லை. போய்ப் பார், வாசலில் காற்றாட உட்கார்ந்து பேசு, இந்தத் தடவையாவது கடைசி மாத்திரை வரை விழுங்குகிறாரா என்று விசாரி. அவர் உன்மேல் வைத்திருக்கிற பிரியம் பொய் இல்லை. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கசப்பு இருக்கிறது, ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன்.

புவனாவிடம் நீ இன்னும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். “கல்யாணம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்” என்று உன் அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இதே போலத்தான் உன் அத்தை கல்யாணம் முடியட்டும் என்று எனக்கும் சொன்னார்கள். அந்தப் பெண் உன்னோடு ஒரே அறையில் மூச்சு விடப்போகிறவள். உனக்கு மறுபடி இருமல் வந்தால், எடை இறங்கினால், மற்றவர்களுக்கு முன்னால் அதைக் கவனிக்கப்போகிறவளும் அவள்தான். தெரியாதவளால் எதைக் கவனிக்க முடியும்? இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே நேரில் போய்ச் சொல்லிவிடு. அவள் வேண்டாம் என்று சொன்னால் அந்த அவமானம் உன்னுடையதுதான். என்னைத் திட்டிக்கொண்டே அதைத் தாங்கிக்கொள். அவளுக்குத் தெரியாமல் நடக்கிற கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன். பத்திரிகையில் என் பெயர் இருக்கும், மேடையில் நான் இருக்க மாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சிதம்பரத்தில் உங்களுக்கு ஒரு வீடு பார்த்துச் சொல்லி வைத்திருக்கிறேன். சின்ன வீடுதான், பெரியப்பா கொடுக்கிற மாடியில் பாதிகூட இல்லை. இரண்டு பக்கமும் ஜன்னல் இருக்கிறது, மத்தியானம் வரை வெயில் உள்ளே விழுகிறது. உன் பழைய வேலையில் உன்னைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று உன் நண்பன் சொன்னான். அவனிடம் நான்தான் போய்க் கேட்டேன், அதற்கும் கோபப்பட்டுக்கொள். அந்த வீடு என் வீட்டிலிருந்து ஊரின் மறுகோடியில் இருக்கிறது. பக்கத்திலேயே ஒன்று காலியாக இருந்தது, வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நீ தினமும் என் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. சாவி வீட்டுக்காரரிடம் இருக்கிறது, என் பெயரைச் சொல்லிக் கேட்டால் கொடுப்பார். என் பெயரைச் சொல்லப் பிடிக்காவிட்டால் உன் பெயரைச் சொல். இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா